டிக்கியைத் திறந்து பார்த்தபின் கடைக்குப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி மழைக்கு முன் வாகன உதிரிப்பாகக் கடைகளில் "அவசர உதவிப் பை" என்ற பெயரில் ஸிப் வைத்த சிவப்புப் பை தொங்கும். மெல்லிய பற்றரி வயர், பிளாஸ்டிக் முக்கோணம், நைலோன் கயிறு, கையுறை, சின்ன டோர்ச் என்று எல்லாக் காருக்கும் ஒரே பை. வாங்கி டிக்கியில் போட்டவுடன் மனம் ஆறிவிடுகிறது. கந்தளாய் தாண்டி இருட்டில் சில்லு காற்றிறங்கும்போதுதான் அந்தக் காரில் ஸ்பெயார் சில்லே இல்லை என்பது பலருக்குத் தெரிய வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். வாகனம் திருத்தும் தொழிலில் இருக்கும் நாங்கள் வாசகர்களிடம் கேட்பது, பை வாங்குமுன் உங்கள் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள் என்பதுதான்.

ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த சிறிய கார்கள் பலவற்றில் அங்கே சில்லு இராது. பதிலுக்கு வெள்ளைப் போத்தல் ஒன்றும் கைப்பெட்டி அளவில் காற்றடிக்கும் கம்பிரஸர் ஒன்றும் இருக்கும். போத்தலில் இருப்பது ஓட்டையை அடைக்கும் பசைத் திரவம். அதில் அச்சிட்ட காலாவதித் திகதியைப் பாருங்கள். பெரும்பாலும் அது கடந்து வருடங்களாகியிருக்கும், உள்ளே திரவம் கட்டிபட்டிருக்கும். நல்ல நிலையில் இருந்தாலும் டயரின் தரைபடும் பகுதியில் ஆணி போன ஓட்டையைத்தான் அது அடைக்கும், சுமார் 4 மில்லிமீற்றர் வரை. பக்கச் சுவர் கிழிந்தால் போத்தலால் பயனில்லை. திரவத்தை ஏற்றி, காற்றடித்து, ஐந்து கிலோமீற்றர் மெதுவாக ஓடி, நிறுத்தி மறுபடி காற்றைப் பார்க்க வேண்டும். டயர் கடையில் கழற்றுமுன் உள்ளே திரவம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், கழற்றுபவர் முகத்தில் தெறிக்கும்.

அந்தப் போத்தலைவிட டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் குச்சி செட்டைத்தான் நாங்கள் சிபாரிசு செய்வோம். திருகு ஊசி, கண் உள்ள ஊசி, ஐந்தாறு ரப்பர் திரி, சிறிய பசைக் குழாய் எல்லாம் சேர்ந்தே விலை குறைவு. ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு குறட்டால் இழுங்கள். திருகு ஊசியை அதே சாய்வில் விட்டு பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். இந்த இடத்தில் தயங்குபவர்களுக்குத்தான் பஞ்சர் நிற்பதில்லை: ஓட்டை பெரிதாகிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு சுற்றோடு விட்டால் திரி உள்ளே போகாமல் மடங்கும். திரியைக் கண் ஊசியில் பாதியளவு கோத்து, பசை தடவி, வெளியே ஒன்றரைச் சென்ரிமீற்றர் மிஞ்சும்வரை குத்தி, ஊசியை முறுக்காமல் நேராக ஒரே இழுப்பில் எடுங்கள். மிஞ்சியதை 3 மில்லிமீற்றர் விட்டு வெட்டி, காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. கம்பிரஸர் இல்லாமல் இந்தச் செட் பயன்படாது. கம்பிரஸரை எஞ்சின் ஓடும்போதே இயக்குங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட விடாதீர்கள். சிகரட் லைட்டர் துளையின் பியூஸ் பெரும்பாலும் 15 அம்பியர்தான்; மலிவான கம்பிரஸர் சூடேறி இழுத்தால் அது போய்விடும்.

ஸ்பெயார் சில்லு இருப்பவர்களும் நிம்மதியடைய வேண்டாம். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ஒடுக்கமான தற்காலிகச் சில்லு என்றால் அதற்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். மற்ற நான்கு சில்லுக்கும் 32 அடிப்பவர் இதற்கும் 32 அடித்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அந்தக் காற்றில் அது வண்டியின் பாரத்தைத் தாங்காது. வேகம் 80க்கு மேல் கூடாது. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஒரு கிலோமீற்றர்கூட ஓடாததாக இருந்தாலும் பத்து வருடம் கடந்த டயரை நம்பாதீர்கள். வான்காரர்களுக்குச் சில்லு அடியில் தொங்குகிறது. அதை இறக்கும் சங்கிலியும் திருகும் கடல் காற்றில் துருப்பிடித்து இறுகியிருக்கும். வருடத்துக்கு இரண்டு தரம் இறக்கி ஏற்றிக் கிரீஸ் பூசுங்கள். ஜக்கின் திருகுக்கும் இதே கதிதான். எங்கள் திருகோணமலையில் உப்புக் காற்று இரும்பைத் தின்பதுபோல் மலைநாட்டில் தின்பதில்லை.

நட்டு அடுத்த தொல்லை. டொயோட்டாவுக்குப் பெரும்பாலும் 21 மில்லிமீற்றர், ஹொண்டாவுக்கும் சுசுக்கிக்கும் 19. பழைய காரின் ஸ்பனரைப் புதிய காருக்கு மாற்றிப் போட்டவர்கள் இதில் அகப்படுவார்கள். அலோய் சில்லுக்குப் பூட்டு நட்டு இருந்தால் அதன் திறப்பு எங்கே என்று இப்போதே தேடுங்கள். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டைக் காருடன் வரும் ஒரு சாண் ஸ்பனர் அசைக்காது. அதன் பிடியில் கொளுவக்கூடிய இரண்டடி இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்திருங்கள். பழைய இரும்புக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் குழாய், முழுச் சிவப்புப் பையைவிடப் பெறுமதியானது.

சில்லு மாற்றும்போது நட்டுகளை ஜக் ஏற்றுமுன் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கியபின் தளர்த்தப் பார்த்தால் சில்லும் சேர்ந்து சுற்றும், வண்டியும் ஜக்கிலிருந்து வழுக்கும். குறுக்கே எதிர்மூலைச் சில்லுக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை வையுங்கள். கழற்றிய சில்லை வண்டியின் பக்க ஓரத்துக்கு அடியில் தள்ளி விடுங்கள். ஜக் தவறினாலும் வண்டி கையில் விழாமல் சில்லில் விழும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஜக்கை மணலில் நேரே வைத்தால் வண்டி எழும்பாது, ஜக்தான் இறங்கும். ஓர் அடிச் சதுரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புப் பிளைவூட் துண்டு ஒன்று டிக்கித் தட்டுக்குக் கீழே இருக்கட்டும். இரண்டு பழைய சாக்கும் வையுங்கள். மணலில் சில்லு புதைந்து சுற்றினால் அக்சிலேட்டரை மிதிக்காமல், காற்றை 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்கி, சாக்கைச் சில்லின் முன்னால் செருகி, மெதுவாக எடுங்கள். தார் வீதிக்கு வந்ததும் கம்பிரஸரால் காற்றைத் திரும்ப ஏற்றிவிட வேண்டும், குறைந்த காற்றோடு நகரம்வரை ஓடக் கூடாது.

பற்றரிக்கு வருவோம். சிவப்புப் பையில் வரும் வயரின் கனமெல்லாம் மேலுறை ரப்பர்தான், உள்ளே செம்புப் பூச்சிட்ட அலுமினியம் சில இழைகள். பெற்றோல் காருக்கு 16 சதுர மில்லிமீற்றர், டீசல் வானுக்கு 25 என்று கேட்டு வாங்குங்கள், நீளம் மூன்று மீற்றராவது வேண்டும். இணைக்கும் ஒழுங்கு இது: செத்த பற்றரியின் நேர்முனை, நல்ல பற்றரியின் நேர்முனை, நல்ல பற்றரியின் எதிர்முனை, கடைசிக் கவ்வி செத்த வண்டியின் எஞ்சினில் வர்ணம் பூசாத இரும்பில், பற்றரியிலிருந்து தள்ளி. கடைசியாகத் தொடும் இடத்தில் பொறி பறக்கும், பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு கசியும். அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர விடக் கூடாது. ஐந்து நிமிடம் நல்ல வண்டியை ஓட விட்டுப் பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். கழற்றுவது இதே ஒழுங்கில் பின்னோக்கி.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள். பிரியஸ் கார்கள் பலவற்றில் 12 வோல்ற் பற்றரி பின்பக்கத்தில் இருக்கிறது. அது செத்தால் டிக்கி மின்பூட்டுத் திறக்காது, உங்கள் வயரும் ஜக்கும் டோர்ச்சும் டிக்கிக்குள் சிறைப்படும். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் சாரதிக் கதவைத் திறந்து, பொனட்டைத் திறந்து, பியூஸ் பெட்டிக்குள் இருக்கும் நேர்முனையில் வயரைக் கொடுக்கலாம். ஆனால் வயர் கையில் இருந்தால்தானே? வயரும் டோர்ச்சும் முன் சீட்டுக்கடியில் இருக்க வேண்டும். மற்ற வண்டிக்கு ஹைபிரிட்டிலிருந்து கரண்ட் கொடுக்கப் போகாதீர்கள். அதன் 12 வோல்ற் பற்றரி சிறியது, ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்டுக்காக அது செய்யப்படவில்லை. முனை மாற்றிக் கொடுத்துவிட்டால் செலவு பற்றரியோடு நிற்காது. உள்ளங்கையில் அடங்கும் லிதியம் ஜம்ப் ஸ்டார்ட்டரைப் பலர் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விடாமல் வீட்டுக்கு எடுத்துப் போகவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பண்ணவும் மறப்பவருக்கு வயரே மேல்.

ஜப்பான் காரில் நீங்கள் வாங்காமலே வந்திருக்கக்கூடிய பொருள் ஒன்று உண்டு. முன் பயணியின் கால் வைக்குமிடத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே, பிளாஸ்டிக் கவ்வியில் செருகிய சிவப்புக் குழாய். சிலர் தீயணைப்பான் என்கிறார்கள், சிலர் குண்டோ என்று பயந்து எறிந்துவிடுகிறார்கள். அது எச்சரிக்கைத் தீக்குச்சி. அங்கே கார்களில் இப்படியொரு எச்சரிக்கைச் சாதனம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மூடியை இழுத்துக் கழற்றி, மூடியின் கரடான முனையில் தீப்பெட்டிபோல் உரசினால் செந்நெருப்பு ஐந்து நிமிடம் எரியும். ஆயுள் நான்கு வருடம், திகதி குழாயிலேயே இருக்கும். திகதி கடந்ததை நம்பக் கூடாது, குப்பையோடு எரிக்கவும் கூடாது. பெற்றோல் மணக்கும் விபத்து இடத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் பத்தடியில் வைப்பவர்களைத்தான் அதிகம் காண்கிறோம். 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் 17 மீற்றர் ஓடும். ஐம்பது மீற்றராவது, அதாவது எழுபது எட்டு, பின்னால் போய் வையுங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு அப்பால். போகும்போது முக்கோணத்தை வருகிற வண்டியின் பக்கம் காட்டிப் பிடித்துக்கொண்டே நடங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலேசான முக்கோணம் நிற்காது, அடியில் மணல் நிரப்பிய சிறு பை கட்டுங்கள். முக்கோணம் இல்லாதவர்கள் மரக்குழை முறித்துப் போடுவது நம் வழக்கம், இருட்டில் அது தெரியாது. இதைவிடக் கொடுமை, சில்லுக்கு அண்டை கொடுத்த கல்லை வீதியிலேயே விட்டுவிட்டுப் போவது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் தலையில்தான் அது முடியும். மரக்கட்டை வைத்திருங்கள் என்று மேலே சொன்னதற்கு அதுவும் காரணம்: சொந்தக் கட்டையை யாரும் விட்டுப் போகமாட்டார்கள்.

இனி நம் வீதிகள். ஹபரணைப் பக்கம் போகும் ஏ6 வீதியில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே அந்தி சாய்ந்தால் யானை குறுக்கிடும். அந்தத் துண்டில் காற்றிறங்கினால் இறங்கி ஜக் போடுவதா என்று யோசிக்கவே வேண்டாம். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் கடையோ வீடோ உள்ள வெளிச்சமான இடம்வரை உருட்டுங்கள். டயர் போகும், ரிம்மும் போகலாம், போகட்டும். வண்டி அசையவே முடியாவிட்டால் உள்ளேயே இருங்கள். யானை நின்றால் ஹோர்ன் அடிக்காதீர்கள், பெரிய லைட்டை மினுக்காதீர்கள். அந்த வழியில் வாழைப்பழக் குலையும் சோளமும் வெளியில் மணக்கும்படி ஏற்றிப் போகவும் வேண்டாம். வீதியோரத்தில் யானைக்குப் பழம் எறிந்து பழக்கியவர்கள் செய்த வினை இது. போனில் சிக்னல் விட்டுப் போகும் இடங்களும் உண்டு, கடைசியாகக் கடந்த கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தை மனதில் வைத்திருந்தால் உதவிக்கு வருபவருக்கு இடம் சொல்லலாம்.

மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15இல் மாரியில் தண்ணீர்தான் எதிரி. சில்லின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ரொட்தான் வளையும். அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரி பின் சீட்டுக்கடியில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல், அதனோடு வரும் சீட் பெல்ட் வெட்டி, இரண்டும் சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் கட்டியிருக்க வேண்டும். முன்கண்ணாடியில் அடிக்காதீர்கள், அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும்.

2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த புரெவிப் புயலும் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வாப் புயலும் காட்டியது, வீதி அடைபட்டால் ஓர் இரவு வண்டிக்குள் கழியலாம் என்பதை. ஆளுக்கு இரண்டு லீற்றர் குடிதண்ணீர், கிரீம் கிராக்கர் பைக்கற், ஜீவனி உப்புக்கரைசல் தூள் பைக்கற் இரண்டு (ஒன்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், குறைத்துக் கரைக்கக் கூடாது), கிளை அறுக்க மடக்குவாள். ஒரு பழைய சாரம் கட்டாயம். வண்டிக்கடியில் விரித்துப் படுக்கலாம், நிழலுக்குக் கட்டலாம், கை முறிந்தவருக்குத் தூளியாக்கலாம், குழந்தையைப் போர்த்தலாம்.

குடிதண்ணீரோடு சேர்க்காமல் எஞ்சினுக்கென்று ஐந்து லீற்றர் கானில் குழாய்த் தண்ணீர் வையுங்கள். சூடேறி ஆவி வந்தால் வழியில் கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றுவார்கள். கடலோரக் கிணறுகளில் பல உவர், ரேடியேட்டரை உள்ளிருந்து அரிக்கும். மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நூறு பாகைக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கிறது, மூடி தளர்ந்த கணம் முகத்தில் பாயும். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆற விட்டு, துணி போட்டுத் திறங்கள். குழாய் வெடித்திருந்தால் தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கோன் டேப்பை இழுத்து இறுக்கிச் சுற்றி ஊர் வந்து சேரலாம். சாதாரணக் கறுப்பு வயர் டேப் அந்தச் சூட்டில் உருகி வழியும்.

வெயிலில் பூட்டிய காருக்குள் என்ன கெடும் என்பதைச் சிவப்புப் பை விற்பவர் சொல்லமாட்டார். பவர் பாங்க், லைட்டர், ஸ்பிரே டப்பா மூன்றையும் காரில் விடாதீர்கள். பிளாஸ்டரின் பசை உருகும், பனடோல் வீரியம் இழக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டோர்ச்சிலிருந்து பற்றரிகளைக் கழற்றிப் பக்கத்தில் கட்டி வையுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து முனையை அரிக்கும். தலையில் மாட்டும் டோர்ச் என்றால் இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். தீயணைப்பான் ஒரு கிலோ உலர்தூள், ஏபிசி வகை. முள் பச்சையில் நிற்க வேண்டும், மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்துக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் அடியில் இறுகிவிடும். பத்துச் செக்கனில் தீர்ந்துவிடும் என்பதால் பொனட்டை முழுதாகத் திறக்காமல், நெம்பைத் தளர்த்தி, இடைவெளியால் அடியுங்கள். திறந்தால் காற்றுப் போய் நெருப்பு வளரும்.

நெருப்பு என்றதும் இரண்டு விடயம். பியூஸ் போனால் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகும் வித்தையை இன்னும் செய்கிறார்கள். பியூஸ் எரியாது, வயர் எரியும். 7.5, 10, 15, 20, 30 அம்பியரில் இரண்டிரண்டு, உங்கள் வண்டியின் அளவில், வாங்கி வையுங்கள். அடுத்தது, 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற பயத்தில் பழகிய கான். பலருடைய டிக்கியில் அது இன்னும் இருக்கிறது. குடிதண்ணீர்ப் போத்தலிலும் எண்ணெய்க் கானிலும் பெற்றோல் ஏற்றாதீர்கள்.

முதலுதவிக்கு அதிகம் வேண்டாம். 10 சென்ரிமீற்றர் கோஸ் துண்டு பத்து, சுருள் பண்டேஜ் மூன்று, முக்கோணத் துணி இரண்டு, கையுறை நான்கு சோடி, கத்தரிக்கோல். இரத்தம் ஓடினால் கோஸை வைத்துப் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அமுக்கிப் பிடிப்பதே சிகிச்சை. 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். காப்புறுதி நிறுவனத்தின் இலக்கத்தோடு இவற்றைத் தாளில் எழுதி வெயில் மறைப்பில் செருகுங்கள், போன் செத்தால் அதற்குள் உள்ள இலக்கமும் சாகும்.

இழுக்கும் கயிறு வாங்குமுன் உங்கள் வண்டியின் இழுவைக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பம்பரில் சிறு சதுர மூடிக்குப் பின்னால் திருகுவது அது. ரீகண்டிஷன் கார்களில் பல வேளை காணாமல் போயிருக்கும். ஹைபிரிட்டை முன் சில்லு நிலத்தில் உருள நெடுந்தூரம் இழுக்கக் கூடாது, லொறியில் ஏற்றுவதே முறை.

நமது மாவட்டத்து சாரதி பயிற்சிப் பாடசாலைகளிடம் ஒரு வேண்டுகோள். சமிக்ஞைப் பலகைகளை மனப்பாடம் செய்விக்கும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி, பயிலுநர் ஒவ்வொருவரையும் ஒரு சில்லைக் கழற்றிப் பூட்ட வையுங்கள். ஏற்கனவே சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே அதைச் செய்யலாம். ஸ்பனர் நட்டுக்குப் பொருந்தவில்லை என்றால் அங்கே தெரிவது நல்லது. திங்கட்கிழமை கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர்கள் இருவர்,
உவர்மலை, திருகோணமலை.